விலா முள் இல்லாத மீன்

கடல் மீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள் என்று சொன்னால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இன்னும் நம்பிக்கை வராது. திருப்புலிவனத்தைத் தாண்டி உள்ளே போகிற நெல் ஊர் எங்களுடையது. மீன் என்றால் ஏரி மீன்தான். விராலும் கெண்டையும் தின்று வளர்ந்த பெண், உப்புத் தண்ணீர் மீனை அளந்து பார்க்கிற வேலைக்குப் போனதை அம்மாவால் அக்கம்பக்கத்தில் விளக்க முடியவில்லை. "மீனுக்கு டாக்டரா கீறா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள்.

உண்மையில் என் வேலை, விடிவதற்கு முன் மீன்பிடி துறைமுகத்தில் போய் நிற்பது. எந்தப் படகு வந்தது, எந்த வலை, என்ன மீன், என்ன நீளம் என்று பார்த்து எழுதுவது. சில மீன்களை வாங்கி வயிற்றைக் கீறி, சினை இருக்கிறதா, என்ன தின்றிருக்கிறது என்று பார்ப்பது. வருடக் கணக்கில் இதையே செய்தால், கடலுக்குள் என்ன மாறுகிறது என்பது கரையில் நின்றபடியே தெரிய ஆரம்பிக்கும். படகில் ஏறிப் போகவேண்டிய நாட்களும் உண்டு. அந்த நாட்களில் வயிற்றில் இருப்பதையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கரை கண்ணுக்கு மறைந்ததும் எனக்குக் கை கால் சில்லிட்டுவிடும். இத்தனை வருடத்தில் அந்தப் பயம் குறையவில்லை.

ஆனால் கடலைவிட என்னை அதிகம் பயமுறுத்தியது ஒரு மீன். பேத்தை என்பார்கள். தொட்டால் வயிறு பந்துபோல உப்பும். கிளி மூக்குபோலப் பற்கள், வலையைக் கடித்து அறுத்துவிடும். அதனால் மீனவர்கள் அதைத் திட்டிக்கொண்டே கடலில் திருப்பி வீசுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு வலைக்கு ஏதோ ஒன்றிரண்டு வரும். பிறகு கூடை கூடையாக வர ஆரம்பித்தது. அதைத் தின்கிற பெரிய மீன்களை நாம் பிடித்துத் தீர்த்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பேத்தையில் பல வகை. சிலவற்றின் ஈரலிலும் சினையிலும் மட்டும் விஷம் இருக்கும். சிலவற்றில் சதையிலும் இருக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. ஒன்றுபோலவே இருக்கும் வகைகளை முதுகைத் தடவித்தான் நாங்கள் பிரிப்போம். ஒன்றில் வழுவழுப்பாக இருக்கும், இன்னொன்றில் மணல் தாள்போலச் சின்ன முட்கள் விரலில் உரசும். சதையிலும் விஷம் இருப்பது இந்த முள் தோல் வகையில்தான். தோலை உரித்துவிட்டால் கையால் தடவி ஒன்றும் சொல்ல முடியாது.

ஒருமுறை கடலோர ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து கூப்பிட்டார்கள். படகில் சமையல் செய்துவந்த ஒருவர் இறந்துபோயிருந்தார். அவர் சாப்பிட்டு மிச்சம் வைத்த குழம்பு ஒரு பாத்திரத்தில் இருந்தது. அது என்ன மீன் என்று நான் சொல்லவேண்டும். சொன்னேன். அந்த டாக்டர் கை கழுவிக்கொண்டே, "இந்த விஷம் மூளைக்குப் போகாது மேடம். உடம்பு மொத்தமும் செயலிழந்துபோகும், நினைவு மட்டும் கடைசிவரை இருக்கும்" என்றார். அதன்பிறகு பல மாதங்கள், படுத்தால் என் கை கால் அசைகிறதா என்று அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் தூங்கினேன்.

இப்போது சொல்லப்போவது எங்கள் வீட்டிலேயே நடந்தது.

பொங்கலுக்கு நான் மட்டும் ஊருக்கு வந்திருந்தேன். வீட்டில் அம்மா, என் தம்பி, அவன் மனைவி. அவர்களுடைய பெண் கல்லூரித் தோழிகளோடு சுற்றுலா போயிருந்தாள். காணும் பொங்கலன்று காலையில் அம்மாவை அழைத்துக்கொண்டு உத்திரமேரூரில் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். வெயில் ஏறும் முன்பே திரும்பிவிட்டோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே புளிக்குழம்பு கொதிக்கும் வாசனை வந்தது.

தம்பி மனைவி என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"வாங்க அண்ணி. இன்னிக்கு மீன் கொழம்பு. மீன்காரரு புதுசா ஒண்ணு கொண்ணாந்தாரு. தோலு, தல எல்லாம் எடுத்தே குடுத்துட்டாரு. எனக்கு வேலையே இல்ல."

"இன்னா மீனு?"

"கோழி மீனாம். நல்லா கீது அண்ணி, முள்ளே கெடையாது. நடு முள்ளு ஒண்ணுதான்."

கோழி மீன் என்று ஒரு மீனை நான் கேள்விப்பட்டதில்லை. தண்ணீர் குடிக்கப் போனவள் செம்பை அப்படியே வைத்துவிட்டேன். வறுப்பதற்காக மஞ்சள் தடவி வைத்திருந்த துண்டுகள் ஒரு தட்டில் இருந்தன. ஒன்றை எடுத்தேன். வெள்ளை வெளேரென்று, கொஞ்சம் கண்ணாடி மாதிரி இருந்தது. நடு முள்ளின் இரண்டு பக்கமும் விரலை ஓட்டினேன். மற்ற மீன்களில் அந்த இடத்தில் விலா முள் வரிசையாகக் குத்தும். இங்கே ஒன்றுமே தட்டுப்படவில்லை. மறுபடி ஓட்டினேன். இன்னொரு துண்டை எடுத்து அதிலும் பார்த்தேன்.

பேத்தைக்கு விலா முள் கிடையாது. மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் விஷயமே அதுதான்.

"அடுப்ப அணைம்மா," என்றேன். "யாராவது சாப்ட்டீங்களா?"

"இன்னும் இல்ல. நான் உப்பு பாத்தேன், அவ்ளோதான். அவருக்குச் சினை தனியா வறுத்துக் குடுத்தேன்."

"சினையா?"

"ஆமா அண்ணி. மீன்காரரு தனியா ஒரு கவர்ல போட்டுக் குடுத்தாரு. உங்க தம்பிக்குத்தான் சினைன்னா உசுராச்சே. இட்லியோட சாப்ட்டு மோட்டார் போட வயலுக்குப் போய்க்கிறாரு."

அந்த நொடியில் எனக்கு அழுகையோ கத்தலோ வரவில்லை. தம்பியின் எண்ணுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். அம்மா, "இன்னாடி ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தாள்.

வயலை நோக்கி ஓடத் தெருவில் இறங்கியபோது அவனே பைக்கில் வந்துகொண்டிருந்தான். வழக்கமாக ஓட்டுகிற மாதிரி இல்லை. வாசலில் நிறுத்தியவனுக்கு ஸ்டாண்டு போடக் கால் வரவில்லை. இரண்டு முறை தடவிப் பார்த்தான். வண்டி சாய்ந்து விழுந்தது. அவனும் கூடவே உட்கார்ந்துவிட்டான்.

"யக்கா, உதடு ஒருமாரி கீது. ஊசியால குத்தற மாரி. நாக்கு தடிச்சிக்கினு வருது."

எதிர் வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். பண்டிகை நாள் என்பதால் வீட்டில் இருந்தார். நாலு பேர் சேர்ந்து தம்பியைத் தூக்கிப் பின் இருக்கையில் போட்டோம். தம்பி மனைவி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் சமைத்ததையும் சமைக்காததையும், வாணலியில் மிச்சமிருந்த சினையையும் ஒரு தூக்குவாளியில் போட்டு மூடி, காலடியில் வைத்துக்கொண்டேன். அம்மா எங்கள் கூட வருவேன் என்று கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கையை விலக்கித்தான் கதவைச் சாத்தினோம்.

ஊர் எல்லையில் பள்ளிக்கூடத்து மைதானத்தில் விளையாட்டுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. மைக் செட்டில் யாரோ வர்ணனை செய்துகொண்டிருந்தார்கள். ஊரே அங்கேதான் இருந்தது. அந்த மீன்காரரிடம் இந்த ஊரில் எத்தனை வீட்டில் வாங்கியிருப்பார்கள் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. காரை நிறுத்தச் சொன்னேன்.

"அண்ணி, வேணாம் அண்ணி, நேரா போலாம்," என்று தம்பி மனைவி அழுதாள். தம்பி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"போ," என்றான். அந்த ஒரு எழுத்தும் குழறியது.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். மைக்கைப் பிடுங்கித்தான் வாங்கினேன். என்ன சொன்னேன் என்று கோர்வையாக நினைவில்லை. தோல் உரித்த மீன் வாங்கினவர்கள் சாப்பிட வேண்டாம், நாய் பூனைக்கும் போட வேண்டாம், சாப்பிட்டவர்களுக்கு உதடு மரத்தால் உடனே உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பிறகு ஒருவர் கேட்டார்:

"நல்லா கொதிக்க வச்சா வெஷம் போய்டாதா?"

"போகாது," என்றேன்.

ஒரு பெண் தலையில் கை வைத்துக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் ஓடுவதைப் பார்த்தேன். அதற்குமேல் நிற்க என்னால் முடியவில்லை. காருக்கு ஓடி வந்தேன்.

கார் கிளம்பியதும் தம்பி, "யக்கா, காலு எங்க கீதுன்னே தெரில," என்றான். அவன் கால் என் மடிமேல்தான் இருந்தது. நான் அழுத்திப் பிடித்தேன். அவனுக்குத் தெரியவில்லை.

மீன்காரரின் எண் தம்பி மனைவியின் போனில் இருந்தது. தினமும் காலையில் என்ன மீன் வருகிறது என்று படம் போட்டு ஊர் வாட்ஸப் குழுவில் அனுப்புகிறவர் அவர். பலமுறை அடித்த பிறகுதான் எடுத்தார். வண்டி ஓட்டுகிற சத்தம் கேட்டது. நான் யார் என்று சொல்லி, விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னாம்மா பேசற? இத்தினி வருசமா மீன் வித்துக்கினு கீறேன், ஒருத்தரு ஒரு கொற சொன்னதில்ல. நல்ல நாளும் அதுவுமா பேஜார் பண்ணாத."

"நீங்க வாங்கும்போது அதுக்குத் தோல் இருந்துதா?"

வண்டியை நிறுத்தினார் போல. சத்தம் நின்றது.

"இல்லம்மா. உரிச்சி ஐஸ்ல போட்டுத்தான் குடுத்தாங்க. பண்டிகைக்கு வஞ்சிரம், வவ்வால்லாம் கிட்ட போவ முடியல. இதான் தோதா இருந்துது."

"தலை?"

"தலயும் இல்ல."

"அப்ப அது என்ன மீன்னு உங்களுக்கும் தெரியாது."

அவர் வேறு குரலில், "எங்க வூட்டுக்கும் குடுத்துட்டு வந்துகிறேன்மா," என்றார். இணைப்பு அறுந்தது.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் அன்று பணியில் இருந்தது இளம் வயதுப் பெண் டாக்டர். கை கால் விழுந்து கண் இமை தொங்கிப்போய் வருகிறவர்களை எங்கள் பக்கத்தில் பார்த்தால் முதலில் பாம்புதான் நினைவுக்கு வரும். வயலில் ஏதாவது கடித்ததா என்றுதான் அவரும் கேட்டார். நான் தூக்கைத் திறந்து காட்டினேன். இது மீன் விஷம், இதற்கு மாற்று மருந்து கிடையாது, மூச்சு நின்றுபோகும், அப்போது மெஷின் வைத்து மூச்சு கொடுத்தால் விஷம் தானாக இறங்கிவிடும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் என் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தார். ஏன் நம்பினார் என்று தெரியாது. உடனே செங்கல்பட்டுக்குப் போன் செய்து வென்டிலேட்டர் தயாராக வைக்கச் சொன்னார். 108க்கும் சொன்னார். தம்பியின் தொண்டையில் குழாய் இறக்கினார்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோக்கள் வர ஆரம்பித்தன. எங்கள் ஊர்க்காரர்கள், பக்கத்து ஊர்க்காரர்கள். "உதடு மரத்துக்கினு கீது", "கையெல்லாம் ஜிவ்வுன்னு கீது", "மூச்சு முட்டுது" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சாப்பிட்டவர்களும் இருந்தார்கள். சாப்பிடாமல், மீன் கழுவிய தண்ணீரில் கை வைத்தவர்களும் இருந்தார்கள். தம்பி மனைவி தன் உதட்டை விரலால் அழுத்திக்கொண்டே இருந்தாள். "எனக்கும் மரக்குது அண்ணி. உப்பு பாத்தேன் இல்ல?" என்றாள்.

அந்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதுல யாருக்கு விஷம், யாருக்கு பயம்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. பயந்து வேகவேகமாக மூச்சு விட்டாலும் உதடு மரக்கும், விரல் நுனி ஊசி குத்தும். விஷத்தின் முதல் அறிகுறியும் அதுவேதான். மைக்கில் நான் சொன்ன வார்த்தையே பலரின் உடம்புக்குள் போய் வேலை செய்துகொண்டிருந்தது. என் உதடும் மரத்துத்தான் இருந்தது. நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

"எல்லாரையும் வச்சிப் பாருங்க டாக்டர். நடக்கச் சொல்லுங்க. கால் தடுமாறுதான்னு பாருங்க," என்று மட்டும் சொன்னேன். அதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. தம்பி மனைவியும் உடன் ஏறினாள். அவளுக்கு ஏதாவது ஆனாலும் பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பது நல்லது என்றார் டாக்டர்.

செங்கல்பட்டு போய்ச் சேர்வதற்கு முன்பே தம்பி தானாக மூச்சு விடுவதை நிறுத்திவிட்டான். ஆம்புலன்ஸில் இருந்த பணியாளர் காற்றுப் பையை அழுத்தி அழுத்தி மூச்சு கொடுத்துக்கொண்டு வந்தார். அவர் கை ஓயாமல் இருக்கவேண்டுமே என்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். வெளியே என்ன ஊர் போகிறது என்று பார்க்கவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் மெஷின் வைத்தார்கள். அதன்பிறகு அவனிடம் ஒரு அசைவும் இல்லை. இமையைத் தூக்கி டார்ச் அடித்தார்கள், கண்மணி சுருங்கவில்லை. உறங்குகிறவன் முகம் மாதிரிகூட இல்லை. மாலைக்குள் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். இரண்டு மூன்று பேராக உள்ளே விட்டார்கள். சித்தப்பா ஒருவர் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு, "போய்ட்டான்மா, இதுல ஒண்ணும் இல்ல. அறுப்பு மெஷின் கூட சொல்லி வச்சிருந்தானே பாவி" என்று குரலெடுத்து அழுதார். தம்பி மனைவி அப்படியே தரையில் சரிந்தாள்.

எனக்கு அந்தக் கடலோர ஆஸ்பத்திரி டாக்டர் கை கழுவிக்கொண்டே சொன்னது காதில் கேட்டது. சித்தப்பாவின் வாயைக் கையால் பொத்தினேன். வயதில் பெரியவரை அப்படிச் செய்தது அதுதான் முதல்முறை.

"அழாதீங்க. அவனுக்குக் கேக்குது. எல்லாம் கேட்டுக்கினு கீறான்."

அவர் என்னைப் பைத்தியம் பிடித்தவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தம்பியின் காதோரம் குனிந்தேன். "டேய், நான்தாண்டா. உனக்கு ஒண்ணும் ஆவல. ஒடம்பு அசையாது, அவ்ளோதான். கண்ணு தொறக்க வராது. மூச்ச மெஷின் பாத்துக்கும். வெஷம் தானா எறங்கிடும். பொறுத்துக்கோ" என்றேன். திரும்பத் திரும்ப இதையே சொன்னேன். நர்ஸ் வந்து போகச் சொல்லும்வரை சொன்னேன். நான் சொன்னது உண்மையா என்று எனக்கு நிச்சயமில்லை. எவ்வளவு சினை தின்றான், அதில் எவ்வளவு விஷம் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. என் ஆராய்ச்சியெல்லாம் செத்த மீனின்மேல் செய்தது. உயிரோடு இருக்கிற ஒரு மனிதன் உடம்பில் அது எப்போது இறங்கும் என்று சொல்ல எனக்குத் தெரியாது. அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதுகூட ஒரு நம்பிக்கைதான்.

மறுநாள் உச்சிவேளையில் நர்ஸ் வெளியே வந்து கூப்பிட்டார். வலது கால் கட்டை விரல் அசைந்தது. நான் பார்க்கும்போதே மறுபடி அசைந்தது. இமை நடுங்கியது. சாயங்காலம் என் விரலை மெல்ல அழுத்தினான்.

குழாயை எடுத்த பிறகு, கரகரத்த குரலில் அவன் முதலில் சொன்னது இதுதான்: "எல்லாம் கேட்டுதுக்கா. சித்தப்பா அழுதது கேட்டுது. நீ பேசினது கேட்டுது. ஒண்ணும் ஆவலன்னு சொன்ன. ஆனா ஒன் கொரலு நடுங்கிக்கினே இருந்துச்சி. அதக் கேட்டுத்தான் எனக்கு பயம் வந்துச்சி."

நான் வராண்டாவுக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

உத்திரமேரூரில் வந்து படுத்தவர்கள் மறுநாளே வீட்டுக்குப் போய்விட்டார்கள், ஒருவரைத் தவிர. அவர் மீன்காரரின் மனைவி. காலையில் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார். சினை சாப்பிடாததால் மூச்சு நிற்கிற அளவுக்குப் போகவில்லை, சில நாள் ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டார். மனைவியைச் சேர்த்துவிட்டு மீன்காரர், விற்ற வீட்டுக்கெல்லாம் திரும்பிப் போய், திட்டு வாங்கிக்கொண்டு, மீனையெல்லாம் வாங்கி ஐஸ் பெட்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தாராம். தம்பி மனைவிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் பல நாள் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூக்கில் கொண்டுபோன மீனைச் சோதனைக்கு அனுப்பியபோது சந்தேகம் தீர்ந்தது. சில துண்டுகள் சதையில் விஷம் இல்லாத வகை. சில துண்டுகளும் சினையும் முள் தோல் வகை. இரண்டையும் கலந்து உரித்திருக்கிறார்கள்.

விடுமுறை முடிந்து திரும்பியதும் அந்த மீன் எங்கிருந்து வந்ததென்று விசாரித்துக்கொண்டு போனேன். துறைமுகத்துக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகை. பத்திருபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பேத்தையை உரித்துக்கொண்டிருந்தார்கள். ஏன் உரிக்கிறீர்கள் என்று கேட்டேன். "தோலோட போட்டா யாரும் வாங்க மாட்டாங்கம்மா, பாத்தாலே பயப்படுவாங்க" என்றார் ஒருவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவருக்கு அருகே தோல்கள் குவிந்து கிடந்தன. நான் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து முதுகுப் பக்கத்தைத் தடவினேன். வழுவழுப்பு. வழுவழுப்பு. அடுத்தது விரலில் உரசியது.

கொட்டகைக்காரரிடம் காட்டினேன். முதலில் கோபப்பட்டார். தம்பியின் கதையைச் சொன்னதும் முகம் மாறியது. உரிப்பதை அப்படியே நிறுத்தச் சொன்னார். பிறகு அவராகவே வாசல் பக்கம் திரும்பி, "காலையில ஒரு வண்டி போய்டுச்சே மேடம்," என்றார்.

"எந்த ஊருக்கு?"

"அது உள்ளாற நெறைய ஊருக்குப் பிரிச்சிக் குடுப்பாங்க."

ஓட்டுநரின் எண்ணை வாங்கி அங்கேயே நின்று போன் போட்டேன். மணி அடிக்க அடிக்க என் விரல் நுனிகள் மரத்துக்கொண்டு வந்தன.